நரம்பை வெட்டுவதா, இரைப்பையை வெட்டுவதா

அன்று சாயங்காலம் என் கணவர் எடுத்த வாந்தியில், காலையில் நான் அவித்துக் கொடுத்த இட்லி அப்படியே கிடந்தது. அதைப் பார்த்த பிறகுதான் எனக்குப் பயம் வந்தது. பத்து மணி நேரமாக அது எங்கேயும் போகாமல் உள்ளேயே இருந்திருக்கிறது.

வயிற்று வலி அவருக்குப் புதிதில்லை. விராலிமலைக்குப் பக்கத்தில் இருக்கிறது எங்கள் ஊர். நான் அரசு மேல்நிலைப் பள்ளியில் கணக்கு டீச்சர். அவர் பன்னிரண்டு வருஷம் குவைத்தில் டிரெய்லர் ஓட்டிவிட்டு வந்து, இங்கே சொந்தமாக ஒரு டிராக்டர் வைத்து உழவுக்கு ஓட்டுகிறார். திரும்பி வந்தபோதே அந்த வலியைக் கூடக் கொண்டு வந்தார். வயிறு காலியானால் வலிக்கும், ஏதாவது சாப்பிட்டால் அடங்கும். டிராக்டர் சீட்டுக்கு அடியில் எப்போதும் ஒரு பிஸ்கட் பாக்கெட் இருக்கும். மெடிக்கலில் ரோஸ் நிற மருந்து பாட்டில் வாங்கி, அளவு மூடியெல்லாம் பார்க்காமல் வாயில் கவிழ்த்துக்கொள்வார். "அல்சர்தான், ஊர்ல யாருக்கு இல்ல?" என்பார். நானும் விட்டுவிட்டேன். அது என் தப்பு.

பிறகு வலி மாறியது. சாப்பிட்டால் வலிக்க ஆரம்பித்தது. ஏப்பத்தில் கெட்ட வாடை வந்தது. இடுப்பு பெல்ட்டில் புதிதாக ஓட்டை போட்டார். அந்த இட்லியைப் பார்த்த மறுநாள் நான் லீவு சொல்லிவிட்டு, அவரைப் புதுக்கோட்டைக்கு அழைத்துக்கொண்டு போனேன்.

அங்கே அறுவை மருத்துவர் ஒரு பெண். நாற்பது வயது இருக்கும். என் கணவரைப் படுக்கவைத்து, இரண்டு கையாலும் இடுப்பைப் பிடித்து லேசாகக் குலுக்கினார். "டீச்சர், இங்க வந்து குனிஞ்சு கேளுங்க" என்று என்னைக் கூப்பிட்டார். பாதி நிரம்பிய குடத்தைத் தூக்கி நடந்தால் வருமே, அந்தச் சத்தம் கேட்டது.

"கடைசியா எப்ப சாப்பிட்டீங்க?"

"காலையில ஏழு மணிக்கு. கொஞ்சம் கஞ்சி" என்றார் இவர். அப்போது மணி ஒன்றரை.

"அதுதான் இன்னும் உள்ள ஆடுது. வயித்துலேருந்து கீழ எறங்குற வாசல் அடைச்சிருக்கு."

அட்மிட் செய்தார்கள். மூக்கு வழியாக டியூப் விட்டு இரண்டு நாள் வயிற்றைக் கழுவினார்கள். வாந்தியிலேயே உடம்பின் உப்புச் சத்து போயிருந்ததால் டிரிப்ஸ் ஓடிக்கொண்டே இருந்தது. மூன்றாம் நாள் எண்டோஸ்கோபி. சிறுகுடலின் தொடக்கத்தில் ஒரு புண் வருஷக்கணக்காக ஆறுவதும் உடைவதுமாக இருந்திருக்கிறது. ஆறும்போதெல்லாம் தழும்பு இறுகி இறுகி, வழி பேனாவின் ரீஃபில் போகிற அளவுக்குச் சுருங்கிவிட்டதாம். கேமராக் குழாய் அதற்குள் நுழையவே இல்லை. சதை கிள்ளிப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள்.

அந்த ரிசல்ட் வர ஒரு வாரம் ஆயிற்று. அந்த வாரம் நாங்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் சரியாகப் பார்த்துப் பேசவில்லை. புற்றுநோய் என்ற வார்த்தையை அவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. பத்தாம் வகுப்பில் எளிய சமன்பாடு ஒன்றைப் போர்டில் தப்பாகப் போட்டேன், பிள்ளைகள் திருத்தினார்கள்.

புற்று இல்லை. வயிற்றுக்குள் குடியிருந்து புண்ணை உண்டாக்கும் கிருமி இருக்கிறது என்று வந்தது. அதைச் சொல்லிவிட்டு டாக்டர், "வலி மாத்திரை போடுற பழக்கம் உண்டா?" என்று அவரைக் கேட்டார்.

"எப்பவாச்சும்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "எப்பவாச்சும்னா?"

அவர் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார். "டெய்லி ரெண்டு. முதுகுக்கு. டிரெய்லர் ஓட்ட ஆரம்பிச்சதுலேருந்து."

எனக்கு அது தெரியாது. ஒரே வீட்டில் இருந்துகொண்டு தெரியாது. வெளியே வந்ததும், "எங்க வச்சிருந்தீங்க?" என்றேன். "டூல் பாக்ஸ்ல" என்றார். அன்றைக்கே அதைத் திறந்து எல்லா மாத்திரை அட்டையையும் எடுத்து அடுப்பில் போட்டேன். போட்ட பிறகுதான் பிளாஸ்டிக் நாற்றம் வீடெல்லாம் பரவியது. அவர் எழுந்து போய் ஜன்னலைத் திறந்துவிட்டார்.

டாக்டர் உடனே கத்தியை எடுக்கவில்லை. முதலில் கிருமிக்கு இரண்டு வாரம் மாத்திரை. பிறகு எண்டோஸ்கோபி வழியாகச் சின்ன பலூனை உள்ளே விட்டு, அந்தச் சுருங்கிய இடத்தை விரித்தார்கள். மூன்று வாரம் கழித்து இன்னொரு தடவை. நான்கு மாதம் நன்றாக இருந்தார். தீபாவளிக்கு முறுக்குகூடத் தின்றார். தையில் மறுபடியும் சாயங்கால வாந்தி ஆரம்பித்தது. தழும்பு பழையபடி இறுகிவிட்டது.

"இனிமே ஆபரேஷன்தான்" என்றார் டாக்டர். ஒரு வெள்ளைத் தாளை எடுத்து வயிற்றைப் படமாகப் போட்டார். "மூணு வழி இருக்கு. ஒண்ணு, அடைச்ச வாசலை அப்படியே விட்டுட்டு, வயித்துல வேற எடத்துல புது வாசல் வச்சு, கீழ இருக்கற குடலோட சேர்த்துத் தச்சுடறது. ஆனா அமிலம் சுரக்கறது குறையாது. அதனால தினமும் மாத்திரை போட்டாகணும். ரெண்டு, அதே பைபாஸ்தான், கூடவே அமிலம் சுரக்கச் சொல்ற நரம்பையும் வெட்டிடறது. மூணாவது, வயித்தோட கீழ்ப்பாதியையே எடுத்துட்டு மிச்சத்தக் குடலோட சேக்கறது."

"எதுல திரும்பப் புண் வராது?" என்றேன்.

"மூணாவதுல ரொம்பக் கம்மி. ஆனா எடுத்தா எடுத்ததுதான். சாப்பாட்டு முறையே மாறிப் போகும்." தாளை எங்கள் பக்கம் திருப்பி வைத்தார். "எங்க வாத்தியார் காலத்துல இதெல்லாம் தெனமும் நடந்த ஆபரேஷன். நல்ல மாத்திரை வந்ததுக்கப்புறம் அபூர்வமாயிடுச்சு. இவரு மாதிரி அடைச்சுப் போய் வரவங்களுக்குத்தான் இப்பப் பண்றோம். ஒரு வாரம் டைம் எடுத்துக்கங்க. முன்னாடி பண்ணிக்கிட்டவங்க யாராவது தெரிஞ்சா பேசிப் பாருங்க."

வீட்டுக்கு வந்து வரைபடத் தாளில் கட்டம் போட்டேன். மேலே மூன்று ஆபரேஷன். பக்கவாட்டில்: மறுபடி புண் வருமா, சாப்பாடு, மாத்திரை, பின்னால் வரும் தொந்தரவு. அவர் எட்டிப் பார்த்து, "என்னத்த, என் வயித்துக்கு கொஸ்டின் பேப்பரா?" என்றார்.

யாரைக் கேட்பது என்பது பெரிய பிரச்சினையாக இல்லை. திருமயத்தில் அவருடைய சித்தப்பா இருக்கிறார். எனக்குச் சின்ன மாமா. வாலிபத்தில் அவருக்கு நரம்பை வெட்டி பைபாஸ் செய்திருக்கிறார்கள். நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் பஸ் ஏறினோம்.

சின்ன மாமா சட்டையைக் கழற்றிக் காட்டினார். நெஞ்சுக்குழியிலிருந்து தொப்புள் வரைக்கும் நேர்கோடாகத் தழும்பு. "தொட்டுப் பாருடா" என்றார். இவர் தொட்டுப் பார்த்தார்.

"சாப்பாடெல்லாம் எப்படி சித்தப்பா?"

"இப்ப என்ன கொறச்சல்? நீயே பாரேன்." மத்தியானம் அவர் எங்களோடு உட்கார்ந்து சோறும் கருவாட்டுக் குழம்பும் சாப்பிட்டார். நடுவில் நிறுத்தி, தன் மனைவி பார்க்காத நேரத்தில் இரண்டு அப்பளம் எடுத்துக்கொண்டார். என் கணவருக்குக் கரைத்த மோர் மட்டும்தான். இவர் சித்தப்பாவின் இலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சாப்பிட்டு முடித்த பிறகுதான் சின்ன மாமா மிச்சத்தைச் சொன்னார். "ஆத்தா, நீ கணக்கு டீச்சரு, எல்லாத்தையும் எழுதிக்க. மொத ஒரு வருஷம் வயிறு போய்க்கிட்டே இருந்துச்சு. பால் குடிச்சா ஒடனே போகும். பஸ்ல காரைக்குடி போறதுன்னா மொத நாளே சாப்பாட்ட நிறுத்திருவேன். ஒருக்கா பாதி வழியில எறங்கி ஓடியிருக்கேன். அப்புறம் தன்னால சரியாயிருச்சு. ஏழெட்டு வருஷம் கழிச்சு, புது வாசல் வச்ச எடத்துலயே திரும்பப் புண்ணு வந்துச்சு. மாத்திரையில போயிருச்சு. அம்புட்டுத்தான்."

நான் எழுதிக்கொண்டேன்.

மூன்றாவது வழியைப் பற்றிக் கேட்க மீமிசலுக்குப் போனேன். எங்கள் பள்ளித் தமிழ் டீச்சரின் அம்மா அங்கே இருக்கிறார். கடற்கரையில் மீன் ஏலம் எடுத்து விற்றவர். பஸ் குலுங்கினாலே இவருக்கு வாந்தி வந்ததால் நான் தனியாகத்தான் போனேன். அறந்தாங்கியில் மாறி, போய்ச் சேர மத்தியானம் ஆகிவிட்டது.

அந்தம்மா ஒல்லியாக, நிமிர்ந்து இருந்தார். முதல் கேள்வியே அவர்தான் கேட்டார். "ஒங்க வீட்டுக்காரருக்கு ரத்தம் போகுதா டீச்சர்?"

"இல்லம்மா. அடைப்புத்தான்."

"அப்ப யோசிக்க நேரமிருக்கு. எனக்கு அது இல்ல. கறுப்பாப் போய்க்கிட்டே இருந்துச்சு, நான் யாருக்கிட்டயும் சொல்லல. ஏலம் போட்டுக்கிட்டு இருந்தவ அப்படியே மணல்ல விழுந்துட்டேன். கண்ணு முழிக்கிறப்ப வயித்துல பாதிக்கு மேல இல்ல. எந்த ஆபரேஷன் வேணும்னு என்னை யாரு கேட்டா?"

"அதுக்கப்புறம் புண் வந்துச்சா?"

"வரவே இல்ல. அதுல சத்தியமா நல்லாருக்கேன்."

அவருடைய மருமகள் எனக்கு டீ கொண்டு வந்தார். அந்தம்மாவுக்குச் சின்னக் கிண்ணத்தில் சர்க்கரை போடாத பால், அதுவும் பாதி. ஏன் என்று கேட்டேன். இனிப்பாக எதையாவது குடித்தால் கால் மணி நேரத்தில் நெஞ்சு படபடக்கும், வேர்த்துக் கொட்டும், படுத்துவிட வேண்டும் என்றார். "சாப்பாடு நிக்காம மளமளன்னு குடல்ல போய் விழுந்துருதாம். டாக்டரு சொன்னாரு." சோற்றோடு தண்ணீர் குடிக்க மாட்டார். ஒரு நாளைக்கு ஏழு தடவை, கைப்பிடி கைப்பிடியாகச் சாப்பிடுவார். ரத்தம் ஊறாமல் போவதால் மாதம் ஒரு ஊசி. கல்யாண வீட்டுக்குப் போவதை நிறுத்திவிட்டாராம். இலையில் வைத்ததை அப்படியே விட்டு எழுந்தால் சொந்தக்காரர்கள் கோபித்துக்கொள்கிறார்களாம்.

"ஆனா ஒண்ணு," என்றார், "நான் உசுரோட இருக்கேன். பேத்திக்குக் காது குத்திப் பாத்துட்டேன்."

கிளம்பும்போது நண்டு கட்டிக் கொடுத்தார். வீட்டில் சாப்பிட முடியாத ஆள் இருக்கிறார் என்று மறுத்தேன். "நீங்க சாப்பிடுவீங்கள்ல? நீங்களும் எளைச்சுத்தான் இருக்கீங்க" என்றார். அதுவரைக்கும் என்னைப் பார்த்து அப்படி யாரும் சொல்லவில்லை. பஸ்ஸில் அந்தப் பையை மடியில் வைத்துக்கொண்டு, அறந்தாங்கி வரும்வரை அழுதுகொண்டே வந்தேன். பக்கத்தில் இருந்த பெண் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள். நண்டு வாடைக்கா, என் அழுகைக்கா என்று தெரியவில்லை.

என் கட்டம் நிரம்பிவிட்டது. அதன்படி பார்த்தால் வயிற்றை எடுப்பதுதான் சரி என்று எனக்குப் பட்டது. அந்தம்மாவின் கஷ்டமெல்லாம் பெரிதுதான். ஆனால் புண் திரும்பி வராது. இத்தனை வருஷம் பட்டது போதாதா?

அவருக்கு அது கொஞ்சமும் பிடிக்கவில்லை. "எதையும் எடுக்க வேணாம், வெட்டவும் வேணாம். வாசல மட்டும் வச்சு விடட்டும். மாத்திரை போட்டுக்கறேன்."

"நீங்களா? மாத்திரையா?"

"போடுவேன்."

"டூல் பாக்ஸ்ல ஒளிச்சு வச்சுப் போட்ட மாதிரியா?"

"நீ பாக்கறது பேப்பரு. வயிறு என்னுது" என்று சொல்லிவிட்டு டிராக்டரை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அன்று ஓட்டுவதற்கு உழவே இல்லை. சும்மா ரோட்டில் போய்விட்டு ஒரு மணி நேரத்தில் திரும்பி வந்தார்.

அந்தச் சண்டையோடுதான் மறுபடி டாக்டரிடம் போனோம். நான் கட்டம் போட்ட தாளை மேசையில் வைத்தேன். டாக்டர் அதைப் பொறுமையாகப் படித்தார், சிரிக்கவில்லை. பிறகு அவரைப் பார்த்து, "வாசல் மட்டும் போதும்னா, ஆயுசுக்கும் மாத்திரை. ஒரு நாள் விடக் கூடாது. உண்மையச் சொல்லுங்க, போடுவீங்களா?" என்று கேட்டார்.

 நான் என் கணவர் முகத்தைப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தேன்.

"மாட்டேன் டாக்டர்" என்றார். "வலி இருந்தா போடுவேன். வலி போயிட்டா மறந்துருவேன். என்னைப் பத்தி எனக்குத் தெரியும்."

"அப்ப நரம்பை வெட்டிரலாம்" என்றார் டாக்டர். "வயித்த முழுசா வச்சுக்கலாம். கிருமியும் போயிருச்சு, வலி மாத்திரையும் நின்னுருச்சு. திரும்பப் புண் வர சான்ஸ் கம்மிதான். வயித்த எடுக்கறது இவருக்குத் தேவையில்ல டீச்சர். ஆனா உள்ள பாத்த பிறகு மாத்த வேண்டி வந்தா மாத்துவேன். அதுக்கும் கையெழுத்துப் போடணும்."

போட்டோம். இவர் அப்படி உண்மையைச் சொல்லியிருக்காவிட்டால் நான் அந்த அறையிலேயே சண்டை பிடித்திருப்பேன். எங்கள் கல்யாண வாழ்க்கையில் அவர் தன்னைப் பற்றிச் சொன்னதில் எனக்கு மிகவும் உதவியாக இருந்தது அந்த ஒரு வார்த்தைதான்.

ஒரு வாரம் முன்னதாகவே சேர்த்து, டியூப் போட்டு வயிற்றைக் கழுவி, டிரிப்ஸ் ஏற்றித் தேற்றினார்கள். ஆபரேஷன் அன்று காலை எட்டரைக்கு உள்ளே கொண்டு போனார்கள். சின்ன மாமாவும் நானும் வெளியே பெஞ்சில் இருந்தோம். பன்னிரண்டு மணிக்கு டாக்டர் வந்து முகமூடியை இறக்கினார்.

"நல்லபடியா முடிஞ்சுது. டீச்சர், ஒண்ணு சொல்லணும். அந்தப் புண் இருந்த எடம் கணையத்தோட, பித்தக் குழாயோட எல்லாம் ஒட்டி இறுகிப் போய்க் கிடந்துச்சு. வயித்த எடுக்கறதுன்னு எறங்கியிருந்தா அதப் பிரிக்க வேண்டியிருந்திருக்கும். பித்தக் குழாய் அறுபட்டிருக்கலாம். அங்க கையே வைக்காம, தள்ளி நல்ல எடத்துல வாசல் வச்சாச்சு. அமில நரம்பையும் வெட்டியாச்சு."

என் கட்டத்தில் அதற்கு வரிசையே இல்லை. ஆபரேஷன்களை ஒப்பிட்டேனே தவிர, அவருக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் தெரிந்திருக்காது.

நல்லபடியாக முடிந்தது என்றாலும் உடனே சரியாகிவிடவில்லை. ஐந்தாம் நாள் டியூபை எடுத்துவிடுவார்கள் என்று நினைத்திருந்தோம். டியூபில் பச்சைத் தண்ணீர் பாட்டில் பாட்டிலாக வந்துகொண்டே இருந்தது. புது வாசல் திறந்துதான் இருக்கிறது, மருந்து குடிக்கவைத்து எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டார்கள். ஆனால் வயிறு எதையும் கீழே தள்ளவில்லை. "நரம்பை வெட்டுனா வயிறு கொஞ்ச நாள் தூங்கும். ரொம்ப நாள் அடைச்சு விரிஞ்சு போன வயிறு, இன்னும் கூடத் தூங்கும். எழுந்துக்கும்" என்றார் டாக்டர்.

எட்டாம் நாள் அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு யாரோடும் பேச மறுத்தார். பத்தாம் நாள் என்னிடம், "ஒன் கணக்குப்படி செஞ்சிருக்கலாமோ?" என்றார். "என் கணக்குப்படி செஞ்சிருந்தா பித்தக் குழாய் போயிருக்கும்" என்றேன். "ஓ" என்றார். அதற்குப் பிறகு என் பக்கம் திரும்பிப் படுத்தார்.

சின்ன மாமா தினமும் திருமயத்திலிருந்து வந்தார். தனக்குப் பதினாறு நாள் டியூப் இருந்தது என்று ஒவ்வொரு நாளும் சொன்னார். அதை ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று கேட்டேன். "நீ கேட்ட லிஸ்ட்ல அது இல்லையே ஆத்தா" என்றார்.

பதிமூன்றாம் நாள் பாட்டிலில் பாதிதான் வந்தது. பதினான்காம் நாள் அடியில் கொஞ்சம். பதினைந்தாம் நாள் டியூபை எடுத்தார்கள். மணிக்கு ஒரு தடவை இரண்டு ஸ்பூன் தண்ணீர். பிறகு இளநீர், பிறகு அரோரூட் கஞ்சி. நான் ஒவ்வொரு சாயங்காலமும் வாந்தி வருமா என்று காத்திருந்தேன். வரவில்லை. இருபதாம் நாள் பாதி இட்லி சாப்பிட்டுவிட்டு, "போதும், எறங்கட்டும்" என்றார். இறங்கியது.

ஒன்றரை வருஷம் ஆகிறது. முதல் சில மாதம் அவருக்கும் வயிறு போய்க்கொண்டிருந்தது. சித்தப்பாவிடம் போன் போட்டுப் புலம்புவார், அவர் காரைக்குடி பஸ் கதையை மறுபடி சொல்வார். இப்போது எப்போதாவதுதான். ஒரே தடவை வயிறு முட்டச் சாப்பிட முடியாது. பால் டீயை விட்டு கடுங்காப்பிக்கு மாறிவிட்டார். முதுகுக்குத் தினமும் காலையில் பயிற்சி செய்கிறார். தரையில் படுத்துக் காலைத் தூக்கும்போது அவர் போடுகிற சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் குரைக்கும். ரத்தம் குறைகிறதா என்று ஆறு மாதத்துக்கு ஒரு முறை டெஸ்ட் எடுக்கிறோம். புண் இல்லை.

எது நல்ல ஆபரேஷன் என்று ஸ்டாஃப் ரூமில் ஒருவர் என்னைக் கேட்டார். அவருடைய மாமனாருக்கு அதே மாதிரி வயிற்று வலியாம். எனக்குத் தெரியாது என்றேன். திருமயத்தில் பார்த்ததையும் மீமிசலில் பார்த்ததையும் எங்கள் வீட்டில் நடந்ததையும் அப்படியே சொன்னேன். முதலில் எண்டோஸ்கோபி பாருங்கள், கிருமி இருக்கிறதா பாருங்கள், வலி மாத்திரை போடுகிறாரா என்று நயமாகக் கேளுங்கள், நிறையப் பேருக்கு அதோடே சரியாகிவிடும், கத்தி வரைக்கும் போகவே வேண்டாம் என்றேன். அவர் குறித்துக்கொண்டார்.

இளைத்திருந்த சமயத்தில் இவருடைய சட்டைகளையெல்லாம் டைலரிடம் கொடுத்துப் பிடித்து வைத்திருந்தேன். போன மாதம் அவை இறுக்க ஆரம்பித்தன. இரண்டு பேரும் எடுத்துக்கொண்டு போனோம்.

"எவ்வளவு பிரிச்சு விடணும்?" என்றார் டைலர்.

"ஒரு இஞ்ச் போதும்" என்றார் இவர்.

"ஒன்றரை விடுங்க" என்றேன் நான்.